திரும்பி ஓடும் பெட்ரோல்

கோடைகாலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு வாடகைக் காரில் பிரயாணம் செய்த பழைய தலைமுறையினர், பாதி மலையில் வண்டி திக்கித் திணறி நின்றுவிட, டிரைவர் பானெட்டைத் திறந்து, பட்டறைகளில் ஏ.சி. பம்ப் என்று பெயர் வழங்கிய அந்தச் சிறு பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருந்த காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். டாங்கியில் பெட்ரோல் இருந்தது, பம்பும் பழுதாகவில்லை. பெட்ரோலின் மெல்லிய அம்சங்கள் 40 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடுமாதலால், எஞ்சினின் உஷ்ணம் தாங்காமல் அது குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட, பம்ப் திரவத்தைத் தள்ளுவதை விட்டு ஆவியை அமுக்கிக்கொண்டிருந்தது. வேபர் லாக் என்ற இந்த உபாதைக்கு ஈரத்துணியைவிட நிலையான பரிகாரம், தேவைக்கு மிஞ்சிய பெட்ரோலை டாங்கிக்கே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய். அந்தக் குழாயைக்கொண்டே பெட்ரோலின் அழுத்தத்தையும் சீர்ப்படுத்தலாம் என்பது பலர் கவனியாத விஷயம்.

கார்புரேட்டருக்கு வேண்டிய அழுத்தம் மிகச் சொற்பம். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் காற்றடிக்கிறோம். வெபர் கார்புரேட்டருக்கோ 3 பவுண்டு வாக்கில் போதும், அமெரிக்க ஹோலிக்கு 6 பவுண்டு வாக்கில். 1893-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் மிதவையோடு கூடிய கார்புரேட்டரை அமைத்த நாள் முதல் அதன் சூட்சுமம் மாறவில்லை: மிதவை அறையில் பெட்ரோல் ஏற ஏற மிதவையும் எழும்பி, ஒரு சிறு ஊசியை வாயிலில் அழுத்தி வரவை அடைக்கிறது. மிதவையின் எழும்பும் சக்திக்கு மிஞ்சிய அழுத்தம் பின்னாலிருந்து வந்தால் ஊசி தோற்றுப்போகும். அறையில் மட்டம் உயர்ந்து, கலவை செறிந்து, புகைபோக்கியில் கரும்புகை கிளம்பி, முற்றினால் பெட்ரோல் வெளியே வழியும். மெக்கானிக்குகள் ஓவர்ஃப்ளோ என்பது இதைத்தான். ஊசியை மாற்றியும் மிதவையை வளைத்தும் இதற்கு மருந்து தேடுகிறவர்கள், நோய் பம்பிலிருந்து வருகிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பம்பின் அமைப்பு அழகானது. கேம்ஷாஃப்ட் அசைக்கும் நெம்புகோல் டயாபிரத்தை ஒரு பக்கமாக இழுப்பதோடு சரி. பெட்ரோலைக் கார்புரேட்டருக்குத் தள்ளுவது அடியிலிருக்கும் ஸ்பிரிங். ஆகவே அழுத்தத்தை நிர்ணயிப்பது எஞ்சினின் வேகமன்று, ஸ்பிரிங்கின் பலம். ஊசி அடைபட்டிருக்கும்போது ஸ்பிரிங் முழுவதும் அமுங்கியபடி நிற்பதால் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். பெட்ரோல் ஓட வழி கிடைத்து ஸ்பிரிங் விரிய விரிய அது இறங்கும். பம்பிலிருந்து வரும் குழாயிலிருந்து, கார்புரேட்டருக்கு முன்பே, டாங்கிக்குத் திரும்பும் ஒரு கிளை பிரித்து, அதில் ஊசிமுனை அளவான துவாரம் வைத்துவிட்டால், ஊசி மூடியிருந்தாலும் பெட்ரோல் இடைவிடாமல் சிறிது ஓடிக்கொண்டிருக்கும். அழுத்தம் உச்சத்துக்குப் போகாது. எஞ்சினை நிறுத்திய பிறகு, சூட்டில் குழாயிலுள்ள பெட்ரோல் விரிந்து ஊசியைத் தள்ளித் திறந்து, மறுபடி ஸ்டார்ட் செய்யமுடியாதபடி படுத்துகிறதே, அந்தக் கஷ்டமும் நீங்கும். எனக்கு இதுவே அதன் பெரிய உபகாரமாகத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் 1976 முதல் 1986 வரை உற்பத்தியான ஜீப் சி.ஜே.-7 வண்டியின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் இந்த ஏற்பாடு கச்சிதமாக இருந்தது. அதன் பெட்ரோல் ஃபில்டருக்கு மூன்று முனைகள்: வரவுக்கு ஒன்று, கார்புரேட்டருக்கு ஒன்று, டாங்கிக்குத் திரும்ப ஒன்று. ஆவி மேலே எழும் சுபாவமுடையதாகையால் மூன்றாவது முனை வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதைக் கீழ்நோக்கித் திருப்பி மாட்டினாலும், அநாவசியம் என்று அடைத்துவிட்டாலும், வெயில் காலத்தில் வண்டி முரண்டு பிடிக்கும்.

ரிட்டர்ன் இல்லாத வண்டியில் புதிதாக அமைக்க நினைப்பவர் முதலில் செய்யவேண்டியது, கார்புரேட்டருக்கு அருகில் அழுத்தமானியைப் பொருத்துவது. அளக்காமல் துளையிடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்ப்பதுதான். கிளைக் குழாயில் பழைய கார்புரேட்டர் ஜெட் ஒன்றைச் செருகினாலே துவாரம் தயார். 1 மில்லிமீட்டரில் தொடங்கி, அழுத்தம் இன்னும் மிகுதியென்றால் சிறிது சிறிதாகப் பெரிதாக்கலாம். ஆனால் விட்டம் 2 மில்லிமீட்டரானால் துவாரத்தின் பரப்பு நான்கு மடங்காகிவிடும் என்பதை மறக்கலாகாது. ஐடிலிங்கில் சரியாயிருப்பது, முழு ஆக்ஸிலரேட்டரில் ஏற்றம் ஏறும்போது போதாமல் போகலாம். மிதவை அறை வறண்டு எஞ்சின் இளைத்தால் துவாரம் அளவு மீறியதென்று பொருள்.

இன்ஜெக்ஷன் எஞ்சினின் மின்சாரப் பம்பைக் கார்புரேட்டருக்கு வைப்பவர்களுக்குத் துவாரம் மட்டும் காணாது; அது சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கு மேலும் தள்ளவல்ல யந்திரமாகையால், மிகுதியை வழிமாற்றும் ரெகுலேட்டரும், தாராளமான ரிட்டர்ன் குழாயும் அவசியம். குழாய் ஒடுக்கமாக இருந்தால், ரெகுலேட்டரின் திருகை எவ்வளவு தளர்த்தினாலும் அழுத்தம் இறங்காது.

ரிட்டர்ன் குழாயின் நுனி டாங்கியில்தான் முடிய வேண்டும். பெட்ரோலுக்கென்று செய்த ஹோஸையே போட்டு, புகைபோக்கியிலிருந்து ஒதுக்கிக் கட்ட வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியபின், தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மாத்திரம் இந்த வேலையைத் தொடங்கி, முடிவில் கசிவு பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.