பழைய வழக்கும் பிள்ளைகளின் எதிர்காலமும்



தலைநகர நீதிமன்றங்களில் பல ஆண்டுகளாக வழக்கறிஞராகப் பணிபுரியும் என்னிடம், நம் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பையன் பேரில் எப்போதோ ஒரு கேஸ் இருந்தது சார். அந்த ரெக்கார்டை அழித்துவிட முடியாதா?” வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் இந்தக் கவலை வருகிறது. வெட்கத்தால் யாரிடமும் கேட்காமல், “கிளியர் பண்ணித் தருகிறேன்” என்று சொல்லும் தரகரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில், நீதிமன்றத்தில் மனுச் செய்து குற்றப் பதிவை மூடி வைக்கச் செய்யலாம். அங்குள்ள உறவினர் சொல்லக் கேட்டு, இங்கும் அப்படித்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் பெரியவர்களுக்கு அத்தகைய பொதுச் சட்டம் இல்லை. ஆனால் 18 வயது நிரம்பாதவர்களுக்கு உண்டு. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் என்ன வயது என்பதே கணக்கு. வழக்கு முடிந்த நாளின் வயது அல்ல.

இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் 24-வது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, இச்சட்டப்படி விசாரிக்கப்பட்ட சிறுவனுக்கு, தண்டனை பெற்றவர்களுக்கு வரும் எந்தத் தகுதியிழப்பும் வராது. இரண்டு, அந்தப் பதிவேடுகளை அழிக்கும்படி காவல்துறைக்கு உத்தரவிட வேண்டும். உத்தரவிடுவது, இங்கே எல்லோரும் ஜுவனைல் ஜஸ்டிஸ் போர்டு என்று சொல்லும் இளைஞர் நீதிக் குழுமம். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை, அல்லது 7 ஆண்டுகள் வரை பதிவேடுகள் பாதுகாப்பில் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது என்று 2016-ம் ஆண்டு மாதிரி விதிகள் கூறுகின்றன.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 16 வயது நிரம்பியவர் மிகக் கொடிய குற்றத்துக்காகச் சிறார் நீதிமன்றத்தில் பெரியவரைப்போல் விசாரிக்கப்பட்டு, குற்றம் செய்தவர் என முடிவானால் இந்தச் சலுகை கிடையாது.

இதே சட்டத்தின் 74-வது பிரிவையும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும். நன்னடத்தைச் சான்றிதழுக்காகவோ வேறு எதற்காகவோ, முடிந்துபோன சிறார் வழக்கின் விவரத்தைப் போலீசார் வெளியிடக்கூடாது. பத்திரிகைகளும் பெயரையோ பள்ளியையோ போடக்கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் இவ்வாறு இருந்தாலும், உத்தரவு தானாக நடந்துவிடுவதில்லை என்பது என் அனுபவம். நம்மவர்கள் வாடகை வீடு மாறுவார்கள், ஊர் மாறுவார்கள். வழக்கு முடிந்த பிறகு தாளை யாரும் தேடுவதில்லை. ஆகவே மூன்று காரியங்களை உடனே செய்யுங்கள். முதலில், இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பதிவேடு அழிந்த பிறகு அது கிடைக்காது. இரண்டாவதாக, பதிவேட்டை அழிக்க உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வழக்கு நடந்த ஊரின் குழுமத்திலேயே மனுச் செய்யுங்கள். மூன்றாவதாக, வேலை விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேள்வி இருந்தால், அதன் வாசகத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இனி பெரியவர்கள் விஷயம். தனிப்பட்ட தகராறில் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டால், முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யும்படி உயர்நீதிமன்றத்தை நாடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-வது பிரிவில் இருந்த இந்த அதிகாரம், 1.7.2024 முதல் புதிய சட்டத்தின் 528-வது பிரிவில் உள்ளது. கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை போன்றவற்றைச் சமாதானத்தைக் காட்டி ரத்து செய்ய முடியாது என்று 2012-ல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. நன்னடத்தைச் சட்டம், 1958-ன்படி சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவருக்கு, அதன் 12-வது பிரிவு தகுதியிழப்பை நீக்குகிறது. ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அழிவதில்லை.

பெரியவர்கள் வழக்கை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. விண்ணப்பத்தில் கேட்ட விவரத்தை மறைக்கக்கூடாது என்றும், இளமையில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயமானால் மறைத்திருந்தாலும் நிர்வாகம் மன்னிக்கலாம் என்றும் 2016-ல் உச்சநீதிமன்றம் கூறியது. உண்மையைச் சொன்னவருக்கும் வேலை நிச்சயம் என்று சொல்ல முடியாது. ஆனால் மறைத்தவர், கிடைத்த வேலையையும் இழக்கக்கூடும். பாஸ்போர்ட்டிலும் அப்படியே. வழக்கு நிலுவையில் இருந்தால், அதே நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி விண்ணப்பிக்க 1993-ம் ஆண்டு அறிவிக்கை வழி செய்கிறது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பதினாறு வயதில் தெருச் சண்டையில் சிக்கிய பிள்ளை, இருபத்தைந்து வயதிலும் அதற்காகத் தலைகுனிய வேண்டியதில்லை. சட்டம் கொடுத்த வாய்ப்பைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு.