கதவைத் திறந்துவிட்ட தோழி: புற்றுநோய் பறித்த பங்காளியும் எமது மௌனமும்

2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 9 ஆம் திகதி, சூசன் வொஜிட்ஸ்கி என்ற பெண்மணி தமது 56 ஆவது வயதில் காலமானார். இரண்டு ஆண்டுகள் நுரையீரல் புற்றுநோயுடன் வாழ்ந்த பின்னர் அவர் உயிர்நீத்த செய்தியை அவரது கணவர் அறிவித்தார். மதுரையிற் பிறந்து சென்னையில் வளர்ந்தவரும், கூகிள் நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியுமான சுந்தர் பிச்சை, தமது அன்புக்குரிய தோழியை இழந்துவிட்டதாக எழுதினார். கூகிளின் வரலாற்றில் எவருக்கும் குறையாத இடம் அவருக்கு உண்டென்றும் அவர் குறிப்பிட்டார்.

பெரு நிறுவனமொன்றின் அதிகாரி மறைந்ததை எமது பக்கங்களில் ஏன் நினைவுகூரவேண்டும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அவர் ஓர் அகதிக் குடும்பத்து மகள். தமது வீட்டுக் கதவைத் திறந்து இரண்டு இளைஞர்களுக்குத் தொழில் நடத்த இடங்கொடுத்தவர். அவ்விருவரில் ஒருவரும் சிறுவயதில் நாடுவிட்டு வந்த அகதியே. இவற்றுக்கும் மேலாக, இறப்பதற்கு முன்னர் அவர் எழுதிவைத்த கடிதமொன்று எமது ஒவ்வொரு வீட்டிலும் பேசப்படவேண்டியது என்பதே எமது கருத்து.

இரண்டு மென்லோ பார்க்குகள்

ஐசலினில் வாழும் எமக்கு மென்லோ பார்க் என்ற பெயர் புதிதன்று. ஓக் ட்றீ வீதிக் கடைகளிலிருந்து சில நிமிடப் பயணத்தில், அயலிலுள்ள எடிசன் நகரின் ஒரு பகுதி அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. தோமஸ் அல்வா எடிசன் 1876 இல் தமது ஆய்வுகூடத்தை அங்கேதான் அமைத்தார். 1879 இல் அவரது மின்குமிழ் ஒளிர்ந்ததும் அங்கேதான். அதன் நினைவாக, உச்சியில் பெரிய மின்குமிழ் ஒன்றைத் தாங்கிய கோபுரம் அங்கு இன்றும் நிற்கிறது.

அதே பெயருடைய மற்றொரு ஊர் கலிபோர்ணியாவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் அருகே உள்ளது. 1998 இல் சூசனும் அவரது கணவரும் அங்கு வீடொன்றை வாங்கினர். கடன் தவணையைக் கட்டுவது கடினமாயிருந்தது. ஆகவே வீட்டின் கராஜையும் சில அறைகளையும் மாதம் 1,700 டொலர் வாடகைக்கு விட்டனர். வாடகைக்கு வந்தவர்கள் லரி பேஜ், சேர்ஜி பிரின் என்ற இரண்டு பட்டப்பின்படிப்பு மாணவர்கள். அவர்கள் அந்த ஆண்டு செப்ரெம்பரிற் பதிவு செய்த நிறுவனமே கூகிள்.

கடன் தவணைக்காக வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவது எம்மவர்க்கும் பழக்கமான காரியம். எமது மக்களிற் பலரது அமெரிக்க வாழ்வும் வேறொருவரது பேஸ்மென்றில்தான் தொடங்கியது. வாடகைக்கு இருப்பவரின் முயற்சியில் நம்பிக்கை வைத்து, இருந்த நல்ல வேலையை விட்டு அவரோடு சேர்ந்துகொள்வது மட்டும் எல்லோராலும் முடிவதில்லை. சூசன் அப்போது இன்ரெல் நிறுவனத்திற் பணியாற்றிவந்தார். முதற் குழந்தையை வயிற்றிற் சுமந்திருந்தார். வருமானம் உறுதியில்லாத அந்தச் சிறு நிறுவனத்தில் 1999 இல் அவர் 16 ஆவது ஊழியராகச் சேர்ந்தார்.

அகதியின் மகள்

சூசனின் தந்தையார் ஸ்ரான்லி வொஜிட்ஸ்கி 1937 இல் போலந்தின் வார்சோ நகரிற் பிறந்தவர். கம்யூனிச ஆட்சியின் கீழிருந்த போலந்திலிருந்து தமது 12 ஆவது வயதில் தாயுடனும் சகோதரனுடனும் தப்பிச் சுவீடனுக்குச் சென்று, அங்கிருந்து அமெரிக்காவை அடைந்தார். குடும்பத் தலைவர் போலந்திலேயே தங்கிவிட்டார். தாயார் பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற் பணிபுரிந்து, அங்கு போலந்து நாட்டு நூல்களின் பெருந்தொகுதியை வளர்த்தெடுத்தார். மகன் ஸ்ரான்போர்ட்டில் பௌதிகப் பேராசிரியரானார். குடும்பம் பிரிந்து ஒரு பகுதி கரையேறிய கதையை எம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை.

சேர்ஜி பிரினின் கதையும் இதைப் போன்றதே. 1973 இல் மொஸ்கோவிற் பிறந்த அவர், யூதர் மீதான பாகுபாட்டினால் நாட்டைவிட்டு வெளியேறிய பெற்றோருடன் 1979 இல் அமெரிக்கா வந்தார். வழியில் அக்குடும்பத்துக்கு உதவிய யூத அகதிகள் நிவாரண அமைப்புக்கு, 2009 இல் அவர் 10 இலட்சம் டொலர் வழங்கினார். அந்தக் கராஜில் வீட்டுக்காரியாகவும் வாடகைக்காரராகவும் சந்தித்தவர்கள் இரண்டு அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பது குறிப்பிடத்தக்கது.

நட்பும் தொழிலும்

கூகிளின் விளம்பர வருமானத்தைக் கட்டியெழுப்பியவர்களில் சூசன் முதன்மையானவர். சிறு இணையத்தளங்களை நடத்துவோரும் விளம்பரத்தால் வருமானம் பெற வழிசெய்த அட்சென்ஸ் திட்டம் 2003 இல் அவரது பொறுப்பில் வளர்ந்தது. 2006 இல் யூரியூப்பை 165 கோடி டொலருக்கு வாங்கவேண்டுமென்று வலியுறுத்தியவர்களில் அவரும் ஒருவர். 2014 முதல் 2023 வரை அந்நிறுவனத்தின் தலைவராகவும் அவரே இருந்தார். ஐந்து பிள்ளைகளின் தாயாகிய அவர், கூகிளில் முதன்முதலாக மகப்பேற்று விடுமுறை பெற்றவர். 2007 இல் அந்த விடுமுறை 12 வாரங்களிலிருந்து 18 வாரங்களாக உயர்ந்த பின்னர், குழந்தை பெற்றபின் வேலையைவிட்டு விலகும் தாய்மாரின் வீதம் பாதியாகக் குறைந்தது என்பதை அவர் பகிரங்கமாக எழுதினார்.

ஆயினும் அவரது மறைவின்போது சுந்தர் பிச்சை ஊழியருக்கு எழுதிய மடலில் முன்னுக்கு வந்தது இந்தக் கணக்குகள் அல்ல. 20 ஆண்டுகளுக்கு முன்னர் தாம் நேர்முகத் தேர்வுக்கு வந்தபோது, சூசன் தம்மை ஐஸ்கிறீம் சாப்பிட அழைத்துச் சென்று, வளாகத்தைச் சுற்றி நடந்து காட்டியதையே அவர் நினைவுகூர்ந்தார். அந்த நடையிலேயே தாம் கூகிளையும் சூசனையும் ஏற்றுக்கொண்டுவிட்டதாக அவர் எழுதியிருந்தார். புதிதாக வந்தவனை அருகில் வந்து அழைத்துச் சென்றவரை எவரும் மறப்பதில்லை.

எமது மக்களுக்கும் அவருடன் ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு. ஊரிலே தாய் தந்தையரின் இறுதிச் சடங்குக்குப் போகமுடியாத எத்தனையோ பேர், அதனை யூரியூப் நேரலையிற் பார்த்துக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். நல்லூர்த் தேரையும் அவ்வாறே கண்டு கும்பிடுகிறார்கள்.

இறுதியாக எழுதிய கடிதம்

2023 பெப்ரவரியில் சூசன் பதவி விலகியபோது, குடும்பம், உடல்நலம், தமது சொந்தப் பணிகள் ஆகியவற்றிற் கவனஞ் செலுத்தவிருப்பதாக மட்டுமே அறிவித்தார். நோயின் பெயரைச் சொல்லவில்லை. நீண்டகாலம் தம்முடன் பணியாற்றிய நீல் மோகனிடம் பொறுப்பை முறையாக ஒப்படைத்தார்.

அவர் மறைந்து மூன்று மாதங்களின் பின்னர், 2024 நவெம்பரில், அவர் முன்னரே எழுதிவைத்த கடிதம் யூரியூப் தளத்தில் வெளியிடப்பட்டது. 2022 இன் இறுதியில் நோய் கண்டறியப்பட்டபோது தமக்கு ஏறக்குறைய எந்த அறிகுறியும் இருக்கவில்லை என்றும், நாள்தோறும் சில மைல் தூரம் ஓடிக்கொண்டிருந்ததாகவும், வாழ்நாளிற் புகைத்ததேயில்லை என்றும் அவர் அதிற் கூறியிருந்தார். புகைக்காதவரிடையே இந்நோய் கூடிவருவதையும், அதன் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் பணம் போதாது என்பதையும் எடுத்துரைத்தார். தாம் வாழ்ந்த காலத்திலேயே அந்த ஆராய்ச்சிக்கு நிதியுதவியும் செய்துவந்தார்.

அவர் சொன்னது வெறும் தனிமனித அனுபவமன்று. 2022 இல் உலகில் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தனர். வேறெந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களைப் பறிப்பதில்லை. அமெரிக்காவில் இந்நோய்க்கு ஆளாவோரில் நூற்றுக்கு 10 முதல் 20 வரையானோர் புகைக்காதவர்கள், அல்லது வாழ்நாளில் 100 சிகரெட்டுக்குக் குறைவாகப் புகைத்தவர்கள். பிறரது புகை, அஸ்பெஸ்ரஸ், மாசடைந்த காற்று என்பன இதற்குக் காரணமாகலாம்.

ஐசலின் வாசகர் சிறப்பாக அறியவேண்டிய மற்றொரு காரணம் றேடன் என்ற வாயு. நிலத்திலுள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் இவ்வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. அத்திவாரத்து வெடிப்புகளினூடாக வீட்டுக்குட் புகுந்து, நிலத்தோடு ஒட்டிய பேஸ்மென்றில் அதிகமாகத் தேங்கும். இதனால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 21,000 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறப்பதாகச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வீட்டுக் காற்றில் லீற்றருக்கு 4 பிக்கோகியூரி என்ற அளவு காணப்பட்டால், அதனைக் குறைக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பது அந்நிறுவனத்தின் அறிவுரை. பேஸ்மென்றில் குடியிருப்போரும், அதனை வாடகைக்கு விடுவோரும் இதனைச் சோதித்துப் பார்ப்பது கடமை. சோதனைப் பெட்டியின் விலை அதிகமன்று.

2021 இல் வெளியான அமெரிக்க வழிகாட்டலின்படி, 50 முதல் 80 வயது வரையுள்ளவர்களில், நாளொன்றுக்கு ஒரு பெட்டி வீதம் 20 ஆண்டுகள் புகைத்ததற்குச் சமமாகப் புகைத்து, இன்னும் புகைப்பவரும் 15 ஆண்டுகளுக்குள் நிறுத்தியவரும் ஆண்டுக்கொருமுறை குறைந்த கதிரளவு சீ.ரி. ஸ்கான் செய்துகொள்ளவேண்டும். சூசனைப் போன்ற புகைக்காதவர் இந்த வரையறைக்குள் வருவதில்லை. ஆகவே வாரக்கணக்கில் நீடிக்கும் இருமல், மூச்சுத் திணறல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றை "குளிர்காலத்து வருத்தம்" என்று தள்ளிவிடாமல், புகைக்காதவரும் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

எமது மௌனம்

எம்மவரிடையே இந்நோயின் பெயரை உரத்துச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்று தணிந்த குரலிற் சொல்லி நிறுத்திவிடுகிறோம். பிள்ளைகளின் திருமணப் பேச்சு கெட்டுவிடும், வாடிக்கையாளர் விலகுவர், ஊரார் இரங்குவர் என்ற அச்சங்கள் பல. இவற்றுள் ஒன்றேனும் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மறைப்பதால் வரும் நட்டம் அதனிலும் பெரிது. சோதனை தாமதமாகிறது. இரண்டாவது வைத்தியரின் கருத்தைக் கேட்கத் துணை கிடைப்பதில்லை. குடும்பத்திலுள்ள ஏனையோர் தமக்குள்ள ஆபத்தை அறிவதில்லை.

தொழிலிலும் இந்த மௌனத்தின் விளைவு கொடியது. எமது கடைகளிற் பல இரண்டு நண்பர்களின் வாய்ச்சொல்லில் எழுந்தவை. ஒருவர் கணக்கைப் பார்ப்பார், மற்றவர் சாமானைப் பார்ப்பார். ஒருவர் நோய்ப்பட்டு அதனை மறைத்தால், மற்றவருக்குக் கடனும் தெரியாது, கணக்கும் தெரியாது. ஒருநாள் மரணச் செய்தி வரும். ஒருபுறம் நண்பனை இழந்த துயரம், மறுபுறம் பங்கு எவ்வளவு என்று கேட்டு நிற்கும் விதவை. இரு குடும்பங்களுக்கும் மனஸ்தாபம் வந்து, இருபது வருடச் சிநேகிதம் நீதிமன்றத்தில் முடிகிறது.

இதனைத் தவிர்ப்பதற்குச் செல்வம் தேவையில்லை. இருவரும் சுகமாயிருக்கும்போதே, ஒருவர் இல்லாவிடிற் பங்கின் பெறுமதியை எவ்வாறு கணிப்பது, யார் வாங்குவது, பணம் எங்கிருந்து வருவது என்பவற்றைச் சட்டத்தரணி முன்னிலையில் எழுதிவைக்கலாம். ஒருவர் பெயரில் மற்றவர் ஆயுட்காப்புறுதி எடுத்துக்கொள்ளலாம். நோய் வந்தால், ஊருக்குச் சொல்லாவிட்டாலும் பங்காளிக்குச் சொல்லலாம். சூசனும் ஊருக்கு உடனே சொல்லவில்லை. ஆனால் பொறுப்பை ஒப்படைக்கத் தாமதிக்கவுமில்லை.

நண்பனை இழந்தவர்கள் கடைச்சுவரில் அவரது படத்தை மாட்டி விளக்கேற்றுகிறார்கள். ஆண்டுதோறும் அன்னதானமும் செய்கிறார்கள். இவை நல்லவையே. அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதே எமது வேண்டுகோள். அவரை எந்த நோய் கொண்டுபோனது என்று கேட்பவருக்கு, அதன் பெயரைத் தயங்காமற் சொல்லுங்கள். எப்படித் தொடங்கியது, எவ்வளவு தாமதமாகக் கண்டறியப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். கேட்டவர்களில் ஒருவர் அடுத்த வாரமே வைத்தியரிடம் செல்லக்கூடும்.