குழல்விளக்கும் அதன் சோக்கும்

ஹட்டனிலிருந்து சில மைல் தள்ளியுள்ள ஒரு தோட்டத்து ஸ்டோரில், தூள் சலிக்கும் அறையின் நான்கடிக் குழல்விளக்கு, பனி மூடிய ஒரு விடியற்காலையில், எரிவதா வேண்டாமா என்று தயங்குவதுபோல் இமைத்துக்கொண்டிருக்க, கீழே நின்ற டீமேக்கர், "என்ன தம்பி, போன மாசந்தானே புதுசு போட்ட? மட்டச் சாமானா?" என்று கேட்டார். வயர்மன் மறுமொழி சொல்லாமல் ஏணியிலேறிக் குழலைக் கழற்றினார்; இரு முனைகளும் கரி பூசினாற்போல் கறுத்திருந்தன. தகரச் சட்டத்தைத் திறந்த பிறகே கோளாறு தெரிந்தது: உள்ளே இருந்தது 20 வாட் சோக்.

சாதாரண பல்பின் இழை சூடேற ஏறத் தடை கூடித் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். குழலிலுள்ள பாதரச ஆவிக்கோ அந்தச் சுபாவம் கிடையாது. ஒருமுறை வழி திறந்துவிட்டால், மின்சாரம் பெருகத் தடை குறைந்து, தடை குறைய மின்சாரம் மேலும் பெருகி, கணப்பொழுதில் குழல் நாசமாகும். இரும்புத் தகடுகளின்மேல் செப்புக்கம்பி சுற்றிய சோக், ஸ்டார்ட்டர் விடுபடும் தருணத்தில் உயர் அழுத்தம் தந்து குழலை ஏற்றிவிட்டு, அப்பால் அதற்குக் கடிவாளமாகிறது.

நீர்மின்சாரம் எடுக்கலாமென்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்து, 1950இல் லக்சபானவில் கைகூடிய அந்த மலைநீரின் சக்தி, இன்று 230 வோல்ட்டாக வீட்டு வாசலுக்கு வரும்போது குழலின் தகுதியை விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டியது சோக்கே. நான்கடி 40 வாட் குழலுக்கு 0.43 ஆம்பியரும், இரண்டடி 20 வாட் குழலுக்கு 0.37 ஆம்பியரும் வேண்டும். வித்தியாசம் அற்பமாகத் தோன்றினாலும், நான்கடிக் குழல் ஏறத்தாழ 100 வோல்ட்டையும், சிறியது அதில் பாதியைச் சற்றே தாண்டியும் தாங்குவதால், மிச்சத்தை ஏற்கும் சோக்கும் வேறாகவே இருந்தாக வேண்டும். சிறு சோக்கில் பெருங்குழல் பட்டினி கிடக்கும். முனையிழைகள் போதிய சூடின்றி, மேற்பூச்சை உதிர்த்துக் கறுக்கும். பெருஞ்சோக்கில் சிறுகுழலோ அளவுமீறி உண்டு சீக்கிரம் சாகும்.

நம் குளிரும் இதில் கை வைக்கிறது. குழலின் சுவர் 40 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கையில்தான் பாதரச ஆவி பூரணப் பிரகாசம் தரும். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியா இரவில், சரியான சோக் இருந்தும் குழல் மங்கலாகவே விழிக்கும்.

வயர்மன் 40 வாட் சோக்கை மாட்டியதும் வெளிச்சம் நின்று எரிந்தது. கழற்றியதை எறிந்துவிடப்போகிறாரோ என்று பார்த்தேன். பழைய பத்திரிகைத்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"பிள்ளைக் காம்பராவுல ரெண்டடி லைட்டு இருக்குங்க ஐயா" என்றார்.