நாற்காலியும் பாடத்திட்டமும்: நிறுவன நடத்தையியலில் விடுபட்ட சாதி

2020 அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தின் நிழற்படம் ஒன்று வெளியானது. பிறர் நாற்காலிகளில் இருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமர்ந்திருந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. ஊராட்சிச் செயலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்.

சட்டம் இதனைக் குற்றமாகக் காண்கிறது. மேலாண்மை மாணவர் இதனை நிறுவன நடத்தையியலின் வினாவாகவும் காண வேண்டும். பிரெஞ்சும் ரேவனும் 1959இல் வகுத்த அதிகார வகைகளுள் பதவிவழி அதிகாரமும் ஒன்று. பதவியின் உரிமையைக் கீழுள்ளோர் ஏற்கும்போதே அது செயற்படும். அரசமைப்பு அளித்த பதவியைச் சாதி எவ்வாறு வெறுமையாக்குகிறது என்பதைத் தெற்குத்திட்டை காட்டுகிறது.

ஆகவே, முதுநிலை வகுப்புக்கான பாடத்திட்டத்தை ஐந்து அலகுகளாக இவ்வாறு அமைக்கலாம்.

முதல் அலகு, முன்முடிவு. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களிலும் தலித், முசுலிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவதைத் தோரட்டும் அட்வெல்லும் 2007இல் நிறுவினர். இரண்டாவது, ஊக்கம். மாஸ்லோவின் தேவைப் படிநிலையைத் தூய்மைப் பணியாளரின் ஒப்பந்த வாழ்வோடு வைத்துச் சோதிக்கலாம். மூன்றாவது, குழுவும் தலைமையும். இங்கே தெற்குத்திட்டையே பாடம். நான்காவது, நிறுவனக் கட்டமைப்பு. 1,000 இந்திய நிறுவனங்களை ஆராய்ந்து 2012இல் வெளியான கட்டுரை, இயக்குநர்களுள் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர் என்றது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடே. ஐந்தாவது, மாற்றம். சிதம்பரத்திலேயே இரண்டு சான்றுகள் உள்ளன: 1916இல் சுவாமி சகஜானந்தர் நிறுவிய நந்தனார் கல்விக் கழகம், 1929இல் தோன்றி, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் நிர்வாகத்துக்குள் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம். விலக்கப்பட்டோர் தாமே அமைப்பைக் கட்டுவதும், இருக்கும் அமைப்பை அரசு மாற்றுவதும் வெவ்வேறு வழிகள். அவற்றை ஒப்பிடச் செய்ய வேண்டும்.

கற்பிக்கும் முறையில் ஓர் எச்சரிக்கை தேவை. தலித் மாணவரை எழுப்பி, "உன் அனுபவத்தைச் சொல்" என்பது கல்வியன்று. அது மீண்டும் ஒரு தரையிருத்தல். விளக்கும் பொறுப்பு வகுப்பு முழுமைக்கும் உரியது. எனவே மதிப்பீட்டில் பாதி களஆய்வாக இருக்கட்டும்: பணிநியமனச் சுழற்சிப் பட்டியல், குறைதீர் குழுவின் உறுப்பினர் அமைப்பு, துப்புரவுப் பணி யாருக்கு ஒதுக்கப்படுகிறது ஆகியவற்றை மாணவர் ஆவணங்களிலிருந்து தேடட்டும்.

பாடத்திட்டத்தை முடிவுசெய்வது பாடத்திட்டக் குழு. அங்கே யார் அமர்ந்திருக்கிறார் என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் வினா.