கொக்கியில் ஒட்டியிருக்கும் சீட்டு

அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்துவிட்டால் நெடுஞ்சாலைகளில் ஒரு காட்சி சகஜம். முன்னால் ஒரு பிக்கப் டிரக் போகும். அதன் பின்னால் படகு ஏற்றிய டிரெய்லரோ, சக்கரத்தின் மேல் அமைந்த குட்டி வீடோ தொடர்ந்து வரும். இரண்டையும் பிணைப்பது டிரக்கின் வால்புறத்தில் தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பப்படும் ஓர் இரும்புக் கொக்கி. 'ஹிட்ச்' என்பார்கள். குடும்பம் முழுவதும் அதை நம்பித்தான் பயணம் செய்கிறது.

"11 ஆயிரம் பவுண்டு இழுக்கும்" என்று விளம்பரம் சொல்லும். ஏறத்தாழ 5 டன்! வாங்குகிறவர் மனதில் அந்த எண்தான் நிற்கும். ஆனால் குனிந்து பார்த்தால், கொக்கியில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டு வேறு கதை சொல்லும்.

ஃபோர்டு கம்பெனியின் எஃப்-150 டிரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பல ஆண்டு மாடல்களில் அந்தச் சீட்டில் இரண்டு கணக்கு இருந்தது. டிரெய்லரைச் சும்மா உருண்டையில் மாட்டி இழுத்தால் 5 ஆயிரம் பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ. கொக்கியின் மேல் அழுத்தும் பாரம் 500 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இழுக்க, பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் வில்கம்பிக் கருவி தனியாக வேண்டும். பெரிய எண் அந்தக் கருவியோடு சேர்த்துச் சொல்லப்பட்டது!

மாட்டு வண்டிக் கணக்கு

ஏன் இப்படி? மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும் அல்லவா? டிரக்கிலும் அதேதான். கொக்கி பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. அதை அழுத்தினால் முன் சக்கரம் லேசாகும். ஸ்டியரிங் பிடிப்பு குறையும்; முன் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. வில்கம்பிகள் அந்தப் பாரத்தில் ஒரு பங்கை முன் சக்கரங்களுக்கும் டிரெய்லர் சக்கரங்களுக்கும் தள்ளிவிடுகின்றன.

அதற்காக முன்பாரத்தை ஒரேயடியாகக் குறைத்துவிடவும் முடியாது. குறைந்தால் டிரெய்லர் பாம்பு போல் நெளியும். வேகத்தில் போகும்போது டிரக்கையே புரட்டிவிடும். டிரெய்லர் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியில் அழுத்த வேண்டும் என்பது அங்கே பொது விதி.

முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைச் சொல்லி வந்தது. 2008-ல் வாகனப் பொறியாளர் சங்கம் பொதுச் சோதனை ஒன்றை வகுத்தது. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கு அருகே உள்ள மேட்டுச் சாலைதான் அதற்கு அளவுகோல். 18 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஏற்றம். கொளுத்தும் வெயிலில், குளிர்சாதனத்தை முழுதாக ஓடவிட்டு, மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும். டொயோட்டா 2011 மாடலில் முதலில் இதை ஏற்றது. மற்ற பெரிய கம்பெனிகள் வழிக்கு வரச் சில ஆண்டுகள் பிடித்தன.

கதவருகே இன்னொரு சீட்டு

எஞ்சின் இழுத்துவிடும், தகராறு அங்கே இல்லை. ஓட்டுநர் கதவருகே இன்னொரு சீட்டு உண்டு. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு ஏறலாம் என்று அதில் போட்டிருக்கும். 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர்: 700 பவுண்டு. 7 ஆயிரம் பவுண்டு வீட்டு வண்டியின் முன்பாரம், நூற்றுக்கு 12 வீதம் 840. கூட்டினால் 1,540! ஒரு பெட்டி கூட ஏற்றவில்லை, அதற்குள் அளவு தாண்டிவிட்டது. விளம்பர எண்ணிலோ இன்னும் 4 ஆயிரம் பவுண்டு பாக்கி இருக்கிறது.

பலமான கொக்கியை வாங்கி மாட்டிக்கொண்டால் போதுமே என்று நினைப்பவர்கள் உண்டு. கொக்கி தாங்கும், டயரும் அச்சும் பிரேக்கும் பழையவைதானே? உருண்டை, கொக்கி, டிரக் ஆகியவற்றில் எதன் அளவு குறைவோ அதுவே மொத்த வண்டிக்கும் அளவு.

நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்கள் பலவற்றில் எடை மேடை இருக்கிறது. சிறு கட்டணம் கொடுத்தால் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் மூன்றையும் தனித்தனியே நிறுத்துச் சீட்டுக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, வீட்டு வண்டியின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து 150 கிலோ தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டுப் புறப்படுகிறவர்களும் உண்டு.