வழக்குப் போடலாமா? முடிவு யார் கையில்?

1972 ஏப்ரல். தெற்கு லண்டனின் கேட்ஃபோர்டு பகுதியில் தீப்பிடித்த வீடொன்றில், கழுத்து நெரிக்கப்பட்ட சடலம் கிடந்தது. போலீஸ் மூன்று பையன்களைப் பிடித்தது. மூத்தவனுக்கு வயது 18. மனவளர்ச்சியோ எட்டு வயதுப் பிள்ளைக்குரியது. பெற்றோர் பக்கத்தில் இல்லாமலே விசாரித்து வாக்குமூலம் வாங்கினார்கள். இறந்த நேரத்தோடு அது பொருந்தவில்லை. ஆனாலும் மூவரும் தண்டிக்கப்பட்டார்கள். 1975இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது.

அன்றைய இங்கிலாந்தில் துப்புத் துலக்குவது மட்டுமல்ல, பெரும்பாலான வழக்குகளை நடத்துவதும் போலீஸ்தான். 'இவன்தான் குற்றவாளி' என்று நம்பியவரே வழக்கையும் நடத்தினால், ஓட்டைகள் அவர் கண்ணில் படுமா? கேட்ஃபோர்டு வழக்கு கிளப்பிய கேள்விகளால் 1978இல் ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1985இல் சட்டம் வந்தது. 1986இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவாக, போலீஸைச் சாராத அரசு வழக்குத் துறையான 'கிரவுன் பிராசிக்யூஷன் சர்வீஸ்' பிறந்தது.

அதன் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு கோப்பிலும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். தண்டனை கிடைப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று சொல்லுமளவு சாட்சியம் இருக்கிறதா? இருந்தாலும், வழக்குத் தொடுப்பது பொதுநலனுக்கு உகந்ததா? முதல் கேள்வியில் தேறாவிட்டால், குற்றம் எவ்வளவு கொடியதானாலும் வழக்கு இல்லை. தங்கள் தரப்பைப் பலவீனப்படுத்தும் ஆவணம் கிடைத்தால், அதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும்.

இந்தச் சல்லடையில் சலிக்காமலே வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டிஷ் அஞ்சலகமே சாட்சி. தனியார் வழக்குத் தொடுக்கும் உரிமை இங்கிலாந்தில் இன்றும் உண்டு; அதைத்தான் அஞ்சலகம் பயன்படுத்தியது. அதன் 'ஹொரைசன்' கணக்கு மென்பொருள் கிளைகளில் பணம் குறைவதாகக் காட்டியது. புகார்தாரர், விசாரணையாளர், வழக்குத் தொடுப்பவர் எல்லாமே அஞ்சலகம்தான். மென்பொருளின் கோளாறுகள் உரியபடி வெளியிடப்படவில்லை. நூற்றுக்கணக்கான துணை அஞ்சலக நடத்துநர்கள் தண்டிக்கப்பட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண்கூட 2010இல் சிறைக்குப் போனார். 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றி அந்தத் தண்டனைகளைத் துடைக்க வேண்டியிருந்தது.

அந்த வழக்குகளில் சிலவற்றை கிரவுன் பிராசிக்யூஷன் சர்வீஸே நடத்தியது என்பதையும் மறைக்கக் கூடாது. தனி அமைப்பு இருந்தால் மட்டும் போதாது. வந்த கோப்பைச் சந்தேகத்தோடு புரட்டும் துணிவும் அதற்கான நேரமும் அதன் வழக்கறிஞருக்கு வேண்டும். தண்டனை விழுக்காட்டை வைத்தே அரசு வழக்கறிஞரை மதிப்பிடுவது தவறு. தேறாத வழக்கைத் திருப்பி அனுப்பிய நாளிலும் அவர் தன் கடமையைத்தான் செய்திருக்கிறார்.