நாலு சக்கரமும் இழுத்தால் போதுமா?

மிட்சுபிஷி பஜேரோ ஒரு காலத்தில் திருவள்ளூரில்தான் தயாரானது. 1998இல் லான்சர் காரோடு தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் - மிட்சுபிஷி கூட்டு, பிறகு பஜேரோவையும் அவுட்லேண்டரையும் இங்கிருந்தே சாலைக்கு அனுப்பியது. இசுசுவின் டி-மேக்ஸ் பிக்கப்பும் சில காலம் இதே ஆலையில்தான் உருவானது. 2016இல் இசுசு தனக்கென்று ஸ்ரீசிட்டியில் ஆலை திறந்தது. ஆரம்பாக்கம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் சிறிது தூரம்தான். திருவள்ளூர் ஆலையில் இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. அங்கே உருவான சி5 ஏர்கிராஸில் முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். ஆனாலும் பனிச்சாலைக்கென்று தனி விசை ஒன்று உண்டு. வெயில் ஊரில் செய்த காரில் பனிக்கு ஒரு பொத்தான்!

ஆக, நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சின்ன ஃபோர் பை ஃபோரை வீட்டின் இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளும் யோசனைதான் புதிது. முதல் கார் வழக்கம்போல ஒரு ஹேட்ச்பேக். ஆலைக்கும் பள்ளிக்கும் அது போதும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் ஏரிக்கரைப் பாதை சேறாகிறது, சர்வீஸ் ரோட்டில் பள்ளம் தெரியாமல் தண்ணீர் நிற்கிறது. ‘ஒரு மாருதி ஜிம்னியோ மஹிந்திரா தாரோ இருந்தால்?’ என்ற பேச்சு அப்போதுதான் எழுகிறது. பத்துப் பதினைந்து லட்சம் போடுவதற்கு முன், அந்தப் பணம் எதைத் தரும், எதைத் தராது என்று பார்ப்பது நல்லது.

இழுக்கும், நிறுத்தாது

சாதாரண காரில் என்ஜினின் விசை இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகிறது. அதில் ஒன்று சேற்றில் வழுக்கினால், விசை முழுவதும் அந்தச் சக்கரத்தை வீணாகச் சுழற்றுவதிலேயே தீர்ந்துவிடும், வண்டி நகராது. நான்கு சக்கர இழுவையில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசை பிரிந்து போகிறது. முன்னால் பிடி இல்லாவிட்டாலும் பின்னால் இருந்து தள்ளிவிடும். ‘லோ’ கியரும் இருந்தால், என்ஜினை அலறவிடாமல் மெதுவாகவும் பலமாகவும் ஏறி வெளியே வரலாம்.

பிரேக்கின் கதை வேறு. எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டை பக்கம் நனைந்த சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது முன்னால் போகும் கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றால், தாரையும் ஆல்ட்டோவையும் நிறுத்துவது டயர்தான். கிளம்பும்போது சறுக்காத வண்டி, ஓட்டுநருக்குத் தேவைக்கு மேல் தைரியத்தைக் கொடுத்துவிடும் என்பது இதில் உள்ள கூடுதல் ஆபத்து.

எனவே முதலில் டயர். கார் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மழைச்சாலைக்கு அது போதாது. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் டயருக்கு அடியில் உள்ள தண்ணீர் பிதுங்கி வெளியேறும். இல்லாவிட்டால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும், ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. நார்வேயில் குளிர்காலத்துக்குக் குறைந்தபட்சம் 3 மி.மீ. என்று சட்டமே இருக்கிறது. தமிழர்கள் பலர் வாழும் மாண்ட்ரியல் நகரம் அமைந்த கியூபெக் மாகாணத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஃபோர் பை ஃபோர் வைத்திருப்பவருக்கும் அதிலிருந்து விலக்கு கிடையாது.

அந்தக் குளிர்கால டயரை இங்கே மாட்டிப் பயனில்லை. வெப்பம் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போகும்போதும் இறுகிவிடாதபடி அதன் ரப்பரை மென்மையாகக் கலந்திருப்பார்கள். பொன்னேரியில் மார்கழி விடியலில்கூட வெப்பம் அதைவிட வெகு மேலே இருக்கும். நம் சாலைச் சூட்டில் அந்த ரப்பர் விரைவில் தேய்ந்துவிடும். இங்கே தேவை, ஈரச்சாலையில் நன்றாகப் பிடிக்கும் சாதாரண டயர். கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷலின் ஆலையே இருக்கிறது; லாரி, பஸ் ரேடியல் டயர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஆலை அது.

இரண்டு வகை

ஜிம்னியும் தாரும் ஒரு வகை. வழக்கமாகப் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும்; ஓட்டுநர் கம்பியைத் தள்ளினால்தான் முன்சக்கரங்களும் சேரும். அப்படிச் சேர்த்தபடி காய்ந்த தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும். இரண்டு அச்சுகளும் இறுகப் பிணைந்திருப்பதால் அது முடியாமல் கியர் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். ஆகவே நெடுஞ்சாலையில் இவை வெறும் பின்சக்கர வண்டிகள்தான்.

மாருதி கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப் இன்னொரு வகை. சக்கரம் வழுக்குவதை உணர்ந்து பின்சக்கரங்களுக்குத் தானே விசை அனுப்பும். ஓட்டுநர் எதுவும் செய்ய வேண்டாம். நனைந்த தார்ச்சாலைக்கும் லேசான சேற்றுக்கும் இதுதான் தோது. ஆனால் ‘லோ’ கியர் கிடையாது. ஆழமான சேற்றில் ஜிம்னிக்கு ஈடுகொடுக்காது.

கையில் கிடைப்பவை

ஜிம்னியின் பரம்பரை இந்தியாவுக்குத் தெரிந்ததே. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி, சுசுகி ஜிம்னியின் வழிவந்தது. ராணுவத்திலும் காவல்துறையிலும் பல்லாண்டு உழைத்தது. ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் விற்பனைக்கு வந்தது. நீளம் 3,985 மி.மீ., அகலம் 1,645 மி.மீ., தரை இடைவெளி 210 மி.மீ., எடை சுமார் 1,200 கிலோ. எடை குறைவு என்பதால் சேற்றில் அதிகம் புதையாது. அகலம் குறைவு என்பதால் கிராமத்துச் சந்தில் எதிரே டிராக்டர் வந்தாலும் ஒதுங்க முடியும். ஆறு ஏர்பேக்கும் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.பி.யும் எல்லா மாடலிலும் உண்டு. ஆனால் நான்கு பேருக்குத்தான் இடம். பின்னால் இரண்டு பெட்டி வைத்தால் நிறைந்துவிடும்.

உள்நாட்டில் எதிர்பார்த்த அளவு விற்காத இந்த வண்டிக்கு ஜப்பானில் கிடைத்த வரவேற்பு வேறு மாதிரி. இந்தியாவில் தயாரான ஐந்து கதவு ஜிம்னியை ‘நோமேட்’ என்ற பெயரில் சுசுகி 2025 தொடக்கத்தில் அங்கே அறிமுகப்படுத்தியது. சில நாள்களிலேயே சுமார் 50,000 முன்பதிவுகள் குவிந்ததால் பதிவையே நிறுத்திவைத்தார்கள்.

2020 அக்டோபரில் வந்த மஹிந்திரா தார், நீளத்தில் ஜிம்னிக்குச் சமம். அகலத்திலும் எடையிலும் பெரியது. தரை இடைவெளி 226 மி.மீ. 650 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்கிறது நிறுவனம். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: 2023இல் வந்த 1.5 லிட்டர் டீசல் தார், பின்சக்கர இழுவை மட்டும் உள்ளது. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இந்த வண்டிகளின் விலை வித்தியாசத்துக்கு வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் அடங்கும் காரில் பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள்ளோ டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்குள்ளோ இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மீறினால் 40 சதவீதம். சின்ன டீசல் தார் 18இல் நிற்க, 1.5 லிட்டர் பெட்ரோல் ஜிம்னியும் 2.2 லிட்டர் டீசல் தாரும் நீளத்தில் சிறியவையாக இருந்தும் 40இல் விழுகின்றன.

இரண்டாவது வண்டிதானே என்று பழையதைத் தேடுபவர்களுக்கு ரெனோ டஸ்டர் ஒரு வழி. ஒரகடம் ஆலையில் உருவான அதன் நான்கு சக்கர இழுவை டீசல் மாடல் 2014இல் வந்தது. நெடுஞ்சாலையில் நிதானமாகவும் மண்பாதையில் வசதியாகவும் போகும். பழைய பஜேரோ மலிவாகக் கிடைத்தாலும், உதிரிபாகம் தேடி அலையும் பொறுமை உள்ளவருக்கே அது சரி.

எந்தப் பழைய ஃபோர் பை ஃபோரையும் வாங்கும் முன் மண்தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கம்பியுள்ள வகையென்றால், அதைத் தள்ளியதும் முன்சக்கரம் சேர்கிறதா, ‘லோ’ விழுகிறதா, சத்தம் வருகிறதா? நான்கு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கியர் பெட்டி அடிவாங்கியிருக்கும். பழவேற்காடு போன்ற உப்புக்காற்று ஊரில் ஓடிய வண்டிக்கு அடிப்பகுதியில் துரு பார்ப்பது அவசியம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியலாம். 2015 வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ மூழ்கி எழுந்த கார்களை இப்படியும் கண்டுபிடிப்பார்கள்.

தண்ணீர் வேறு, சேறு வேறு

பிச்சாட்டூர் ஏரி நிரம்பினால் ஆரணியாறு, பூண்டி திறந்தால் கொசஸ்தலையாறு. தரைப்பாலங்களின் மேல் தண்ணீர் ஓடும்போது ஊரைச் சுற்றிப் போக வேண்டி வருவது இந்த மாவட்டத்தில் அடிக்கடி நடப்பதுதான். பெரிய வண்டி இருக்கிறதே என்று இறங்குவது அங்கேதான் வினையாகிறது. ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்ன காரை இழுத்துப் போகும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளையும் அடித்துச் செல்லும் என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. நிறுவனம் சொல்லும் 650 மி.மீ. கணக்கு, அடித்தரை தெரிந்த, நிற்கும் தண்ணீருக்கானது. மிதக்கத் தொடங்கிய வண்டிக்கு எத்தனை சக்கரம் இழுத்தும் பயனில்லை.

தேங்கிய தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. காற்றுக்குழாய் வழியாக உள்ளே போன தண்ணீரை பிஸ்டன் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரணக் காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி வேண்டும்.

மனாலிப் பனியைப் பார்க்கும் ஆசைக்காக இங்கே ஃபோர் பை ஃபோர் வாங்குவதும் கட்டுப்படியாகாது. பனி கொட்டும் நாள்களில் அடல் சுரங்கப் பக்கம் ஃபோர் பை ஃபோரையோ சங்கிலி பூட்டிய வண்டியையோ மட்டுமே போலீசார் விடுவது உண்மைதான். அதற்கு அங்கேயே, அந்தச் சாலையில் பழகிய ஓட்டுநரோடு வாடகை வண்டி கிடைக்கிறது.

இறால் பண்ணை, செங்கல் சூளை, ஏரிக்கரைக்கு அப்பால் நிலம் என்று தினமும் மண்பாதையில் இறங்க வேண்டியவருக்கு ஜிம்னி கொடுத்த காசுக்கு உழைக்கும். பாரமும் ஏற்ற வேண்டுமென்றால் நான்கு சக்கர இழுவை உள்ள டீசல் தார். வீட்டிலிருந்து சிப்காட் வரை தார்ச்சாலையிலேயே போய்வருபவர் இருக்கும் காருக்கு நல்ல டயர் நான்கு, புது வைப்பர், போகி நாள் விடியற்காலைப் புகைமூட்டத்துக்கு உதவும் ஃபாக் விளக்கு, அந்தக் கூடுதல் பாலிசி ஆகியவற்றை வாங்கிக்கொண்டால் போதும். மொத்தச் செலவு, புது ஜிம்னிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.